மூடுபனிக்குள் வெளிச்சம்: எந்தக் கணக்கு முறையை எடுப்பது?

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் போன மாணவி ஒருத்தி, இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பை எடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாள்.

“சேர், மலையில பனி மூடியிருக்கும்போது தேயிலைக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேருது என்று கணக்குப் பார்க்கப் போறேன். மொன்டே கார்லோ எடுக்கவா, மற்றதை எடுக்கவா?”

“மற்றது எதும்மா?”

“அதுதான் சேர், நாலைந்து இருக்கே. எல்லாத்தையும் வாசிச்சேன். எல்லாமே சரி மாதிரித்தான் இருக்கு.”

போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு ஊடகத்துக்குள் கதிர்வீசல் எப்படிப் பயணிக்கிறது என்று சொல்லும் சமன்பாடு அணு உலையின் நியூத்திரனுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையின் கதிருக்கும், விண்மீனின் வளிமண்டலத்துக்கும், நம் மலையை மூடும் பனிக்கும் ஒன்றேதான். பனியை வைத்து முறைகளைப் புரிந்துகொண்டால் மற்ற இடங்களிலும் அது கைகொடுக்கும். நம் பிள்ளைகளுக்குப் பனியைப் பற்றி யாரும் புதிதாக விளக்கத் தேவையில்லை என்பது இன்னொரு வசதி.

சமன்பாடு சொல்வது ஒரு வரவு செலவுக் கணக்கு. ஏதோ ஒரு திசையில் ஒளி போகிறது. போகிற வழியில் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது, கொஞ்சம் வேறு திசைக்குச் சிதறிப் போகிறது. இவை செலவு. வேறு திசைகளில் போய்க்கொண்டிருந்த ஒளி சிதறி இந்தத் திசைக்குள் வந்து சேர்கிறது. அது வரவு. செலவுப் பக்கத்தை உயர்தரம் படித்த யாரும் போட்டுவிடலாம், வெறும் அடுக்குக்குறித் தேய்வு அது. சிக்கல் வரவில் இருக்கிறது. இந்தத் திசைக்கு எவ்வளவு வரும் என்று சொல்ல, மற்ற எல்லாத் திசைகளிலும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தத் திசைகளைக் கேட்டால் அவையும் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்கும்.

இடத்துக்கு 3 மாறிகள், திசைக்கு 2, சக்திக்கு 1, நேரத்துக்கு 1. மொத்தம் 7. மாறிக்கு 100 புள்ளிகள் என்று வைத்தால்கூட ஒன்றுக்குப் பின்னால் 14 பூச்சியம் போட்ட எண்ணிக்கையில் தெரியாக் கணியங்கள் வரும். எந்த மடிக்கணினியும் அதைத் தாங்காது. ஆகவே அண்ணளவு செய்தே ஆக வேண்டும். முறைக்கு முறை பெரிய வித்தியாசம், அவை திசையை என்ன செய்கின்றன என்பதில்தான். ஒன்று திசையைக் கிட்டத்தட்ட மறந்துவிடும். ஒன்று சில திசைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும். ஒன்று திசையை வழவழப்பான கோலங்களின் கூட்டாக எழுதும். ஒன்று ஒவ்வொரு போட்டனையும், அதாவது ஒளித் துணிக்கையையும், அதன் பாட்டுக்கு ஓடவிட்டு எண்ணும்; அவள் கேட்ட மொன்டே கார்லோ இதுதான்.

எதை எடுப்பது என்று யோசிக்கும் முன் பனியை எண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே நிரல் எழுத உட்காருகிறவர்கள்தான் நிறையப் பேர். 1924இல் கொஷ்மீடர் கொடுத்த தொடர்பு ஒன்று இருக்கிறது: பார்வைத் தூரத்தையும் ஒளி தேயும் குணகத்தையும் பெருக்கினால் 3.912. தூரத்துப் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 2 சதவீதத்துக்குக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது என்ற கணிப்பிலிருந்து அந்த எண் வருகிறது. நூறு மீற்றருக்கு அப்பால் லயம் (தோட்டத்து வரிசை வீடு) தெரியவில்லை என்றால், குணகம் மீற்றருக்கு 0.039. அதாவது ஒரு போட்டன் சராசரியாக 25.6 மீற்றர் போனதும் ஒரு நீர்த்துளியில் மோதும். இதைத்தான் சராசரிச் சுயாதீனப் பாதை என்கிறோம். பனியின் தடிப்பு 300 மீற்றர் என்றால் மேலிருந்து கீழே வர இந்தப் பாதையைப் போல் 11.7 மடங்கு கடக்க வேண்டும். அந்த 11.7 தான் ஒளியியல் தடிப்பு. உங்கள் தேர்வில் பாதியை இந்த ஒரு எண்ணே தீர்மானித்துவிடும்.

நேராக, எதிலும் மோதாமல் வரும் ஒளி எவ்வளவு? பத்து இலட்சம் போட்டன்களில் 8. ஆனால் அப்படிப்பட்ட பனியிலும் நம் ஆட்கள் விளக்கில்லாமல் கொழுந்து எடுக்கிறார்கள். மிச்ச வெளிச்சம் முழுவதும் சிதறி வந்தது. செலவுக் கணக்கை மட்டும் போட்டவர் நண்பகலை நள்ளிரவு என்று சொல்லிவிடுவார்.

சரி, முதலாவது முறை. திசையைக் கிட்டத்தட்ட மறந்துவிடுவது. 1905இல் ஷுஸ்டரும் 1906இல் ஷ்வார்ட்ஸ்சைல்டும் ஒளியை மேலே போவது, கீழே போவது என்று இரண்டே ஓடைகளாகப் பிரித்தார்கள். இதனோடு நெருங்கிய உறவுடையது எடிங்டன் அண்ணளவு. ஒளி எல்லாத் திசையிலும் ஏறக்குறையச் சமம், ஒரு பக்கம் மட்டும் சற்றுத் தூக்கல் என்று அது வைத்துக்கொள்ளும். அணு உலைக்காரர்கள் பரவல் சமன்பாடு என்பதும் உள்ளே இதுதான். எங்கே ஒளி அதிகமோ அங்கிருந்து குறைந்த இடத்துக்கு வடியும், வெப்பம் கடத்தப்படுவது போல.

இதற்கு இன்னும் ஒரு எண் வேண்டும். பனியின் நீர்த்துளிகள், பத்து மைக்ரோமீற்றர் அளவில் உள்ளவை, ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறும். எவ்வளவு முன்பக்கம் என்பதைச் சமச்சீரின்மைக் காரணி சொல்லும். கட்புல ஒளிக்கு அது சுமார் 0.85. எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறினால் 0, நேரே முன்னால் மட்டும் போனால் 1. ஆகவே ஒரு மோதலில் போட்டன் தன் பழைய திசையை அவ்வளவாக மறப்பதில்லை. மறந்த பங்கு 0.15 தான். 11.7ஐ 0.15ஆல் பெருக்கினால் சுமார் 1.76. சூரியன் நேர் உச்சியில், தரை கறுப்பு, துளிகள் எதையும் உறிஞ்சவில்லை என்று வைத்தால் எடிங்டன் கணக்கு மிகச் சுருக்கமாக வரும்: 1.667ஐ, 1.333உம் 1.76உம் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். விடை 0.54. மேலே விழுந்த வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல் தேயிலைக்கு வருகிறது. நேர்க்கதிர் பத்து இலட்சத்தில் எட்டு, மொத்தம் பாதிக்கு மேல். இதை ஒரு கடதாசித் துண்டில் போட முடிகிறது என்பதே எனக்கு இன்னமும் வியப்பு.

அதே கணக்கை மெல்லிய பனிக்குப் போட்டுப் பாருங்கள். பார்வைத் தூரம் ஒரு கிலோமீற்றர், தடிப்பு 100 மீற்றர். ஒளியியல் தடிப்பு 0.39. எடிங்டன் சூத்திரத்தை முழுதாக எடுத்து, தடித்த பனிக்கு விட்டுவிட்ட சிறிய உறுப்பையும் சேர்த்து, இதைப் போட்டால் கீழே வரும் ஒளி 103.5 சதவீதம் என்று விடை வரும். மேல்நோக்கித் திரும்பும் ஒளி மறை எண்ணாக வரும். எங்கும் இல்லாத வெளிச்சத்தைச் சூத்திரம் உண்டாக்கிவிட்டது. கணக்குப் பிழை இல்லை. ஒளி எல்லாத் திசையிலும் ஏறக்குறையச் சமம் என்ற எடுகோளே இங்கே பொய். ஒன்றிரண்டு மோதலுக்குள் வெளியே வந்துவிடும் ஒளி எப்படித் திசையை மறக்கும்?

1976இல் ஜோசப், விஸ்கோம்ப், வைன்மன் மூவரும் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். மிகக் கூர்மையாக முன்னால் சிதறும் பகுதியை, சிதறவே இல்லை என்று கணக்கில் எடுத்துவிடுங்கள். காரணியின் வர்க்கமான 0.7225 பங்கு அப்படியே நேர்க்கதிரோடு சேர்ந்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் எடிங்டன். இப்படிச் செய்தால் மெல்லிய பனிக்கு 98 சதவீதமும், தடித்த பனிக்கு முன்போலவே சுமார் 54 சதவீதமும் வருகின்றன. டெல்டா திருத்தம் என்று இதைச் சொல்வார்கள். இரண்டு ஓடை முறையை எடுக்கிற எவரும் இந்தத் திருத்தம் இல்லாமல் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வரி நிரல்தான் கூடும்.

இந்த முறையிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட திசையில் பார்த்தால் எவ்வளவு ஒளி என்று கேட்காதீர்கள். காலையில் சிவனொளிபாதமலையில் நின்று, கீழே பனியில் விழும் தன் நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரிவதைப் பார்ப்பவர்கள் உண்டு. அதை எந்தப் பரவல் கணக்கும் தராது. மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள், நன்றாகச் சொல்லும்.

இரண்டாவது, திசைகளைப் பொறுக்கி எடுப்பது. தனித்திசை முறை என்று சொல்லலாம். இதில் நமக்கு ஒரு சொந்தமும் இருக்கிறது. 1910இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1940களில் விண்மீன் வளிமண்டலங்களுக்காக இந்த வழியை ஒழுங்காகக் கட்டி எழுப்பினார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது விண்மீன்களின் அமைப்பும் வளர்ச்சியும் பற்றிய வேலைக்காக. ஆனால் பனிக்குள் வெளிச்சத்தைக் கணக்கிடுகிற எவருக்கும் அவருடைய இந்த வேலைதான் அத்திவாரம். பிறகு 1950களில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் அணு ஆய்வுகூடத்தில் கார்ல்சன் நியூத்திரன்களுக்காகக் கணினிக்கு ஏற்ற வடிவத்தைக் கொடுத்தார்.

வரவுப் பக்கத்தில் எல்லாத் திசைக்கும் தொகையிட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தொகையீட்டுக்குப் பதிலாகக் கவுசு விதிப்படி சில திசைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடுத்துக் கூட்டுவதுதான் முறை. நான்கு திசைகள் எடுத்தால், அவை நிலைக்குத்தோடு ஆக்கும் கோணங்களின் கோசைன்கள் 0.861உம் 0.340உம், மேலும் கீழும். இப்போது தொகையீட்டுக் கலப்பு இல்லாத நான்கு சாதாரண வகையீட்டுச் சமன்பாடுகள் கையில் இருக்கின்றன. திசைகளைக் கூட்டக் கூட்ட விடை உண்மையை நெருங்கும்.

தீர்ப்பது நெறை (தேயிலை வரிசை) பிடித்துக் கொழுந்து எடுப்பது மாதிரி. பனியை அடுக்கடுக்காகப் பிரித்து, மேல் எல்லையில் எவ்வளவு நுழைகிறது என்று தெரிந்த இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு அடுக்காகக் கீழே வர வேண்டும். கீழே வந்ததும் மேல்நோக்கிய திசைகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் வரவைப் புதிதாகக் கணக்கிட்டு மறுபடியும். முதல் சுற்றில் கிடைப்பது எதிலும் மோதாத ஒளி. இரண்டாம் சுற்றில் ஒரு தடவை மோதியது சேரும். மூன்றாம் சுற்றில் இரண்டு தடவை. இப்படியே போகும். இதிலிருந்தே அதன் பலவீனம் தெரிந்துவிடும்: போட்டன் எத்தனை தடவை மோதிவிட்டு வெளியேறுகிறதோ ஏறக்குறைய அத்தனை சுற்று வேண்டும். நம் பனிக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் எல்லையே இல்லாத அளவு தடித்த ஊடகத்தில் சிதறும் பங்கு 0.999 என்றால், வழுவைப் பத்து இலட்சத்தில் ஒன்றாக்க 13,800 சுற்று போக வேண்டும். அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு பரவல் கணக்கைப் போட்டு விரைவுபடுத்துவார்கள். முதலாவது முறை இப்படி இரண்டாவதற்கு உதவியாளாக வேலை செய்வது அழகான ஏற்பாடு.

இந்த முறையில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது 300 மீற்றர்ப் பனியைப் பத்து அடுக்காகப் பிரித்தேன். அடுக்குக்கு 30 மீற்றர் போதும் என்று நினைத்தேன். சில திசைகளில் ஒளி மறை எண்ணாக வந்தது. நிரலில் பிழை என்று இரண்டு கிழமை தேடினேன். வழிகாட்டியும் அப்படித்தான் நினைத்தார். பிழை நிரலில் இல்லை. அடுக்கின் நடுவில் உள்ள அளவு இரு விளிம்புகளின் சராசரி என்று வைக்கும் வழக்கமான சூத்திரம், ஒரு அடுக்கைக் கடக்கும் ஒளியியல் தூரம் 2ஐத் தாண்டினால் குறி மாறிவிடும். கோசைன் 0.34 உள்ள சாய்ந்த திசையில் 30 மீற்றர் அடுக்கு 3.45 ஆகிறது. சூத்திரம் நுழைந்த ஒளியில் கழித்தல் 27 சதவீதம் வெளியே வருகிறது என்கிறது. 5 மீற்றராகக் குறைத்தால் அது 55.3 சதவீதம் என்கிறது, உண்மை 56.3. இவ்வளவுதான் விஷயம். சாய்ந்த திசைக்கு அடுக்கு தடித்துத் தெரியும் என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு கிழமை மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

திசைகள் எத்தனை வேண்டும்? காரணி 0.85 உள்ள கூர்மையான சிதறலை அதன் உறுப்புகளாகப் பிரித்தால் ஒவ்வொரு உறுப்பும் முன்னதின் 0.85 மடங்கு. 1 சதவீதத்துக்குக் கீழே இறங்க 29ஆவது உறுப்பு வரை போக வேண்டும். இதற்கும் டெல்டா திருத்தத்தின் விரிவாக்கம் இருக்கிறது, 1977இல் விஸ்கோம்ப் கொடுத்தது. அதைப் பாவித்தால் மொத்த வெளிச்சத்துக்கு 16 திசைகள் தாராளம். 60 அடுக்கு, 16 திசை, மொத்தம் 960 எண்கள். பழைய மடிக்கணினியிலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 1988இல் ஸ்டாம்னசும் கூட்டாளிகளும் வெளியிட்ட டிசோர்ட் என்ற நிரலும் தனித்திசை முறைதான். வளிமண்டலக் கணக்குகளில் இன்றும் பலர் நம்பி எடுப்பது அதைத்தான்.

ஆனால் இது எல்லாம் பனி பாய் விரித்த மாதிரி சமமாகப் பரந்திருக்கும் வரைக்கும்தான். முப்பரிமாணத்துக்குப் போனால் கதை மாறும். நூறுக்கு நூறுக்கு நூறு பெட்டிகள், 80 திசைகள் என்றால் 8 கோடி எண்கள், நினைவகத்தில் 640 மெகாபைட். அதுகூடப் பரவாயில்லை. வேறொரு தொல்லை இருக்கிறது. 6226 அடி உயரத்தில் உள்ள பட்டிப்பொல ஸ்டேசனில், மெல்லிய பனியில் ஒற்றை விளக்கு எரிகிறது என்று வையுங்கள். நாம் பொறுக்கிய 80 திசைகளில் மட்டுமே வெளிச்சம் நேரே ஓட முடியும். நடுவில் இருக்கும் இடங்கள் இருண்டு கிடக்கும். விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கால் மாதிரிக் கோடுகள் விழும். உண்மையில் அப்படி எதுவும் இல்லை. கதிர் விளைவு என்று பெயர். பனி தடித்துச் சிதறல் கூடினால் இது மங்கும். மெல்லிய ஊடகத்தில் சிறிய மூலம் இருந்தால், எதிலும் மோதாத ஒளியைத் தனியே சூத்திரத்தால் கணக்கிட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் இந்த முறைக்குக் கொடுப்பதுதான் வழி.

மூன்றாவது, திசையைக் கோளக் கோலங்களின் கூட்டாக எழுதும் முறை. இதில் கதிர் விளைவு வராது, ஏனென்றால் எந்தத் திசைக்கும் சலுகை இல்லை. பதிலுக்கு, கூரிய கற்றையை வழவழப்பான கோலங்களால் எழுதப் போனால் அலையலையாக ஏறி இறங்கி, சில இடத்தில் மறை எண்ணும் வரும். சமமாகப் பரந்த பனிக்கு ஒரு சுவையான உண்மை உண்டு. நான்கு கவுசுத் திசைகள் எடுத்த தனித்திசை முறையும் மூன்றாம் படிவரை எடுத்த கோள முறையும் ஒரே விடையைத் தரும். இரண்டும் ஒரே ஆள், உடுப்பு வேறு. ஆகவே இந்த ஆய்வுக்கு இதைத் தனியாக எடுப்பதில் பயனில்லை. நேரத்தை வேறெங்காவது செலவழிக்கலாம். கதிரின் தடத்தைக் கோடு கோடாகப் பின்தொடரும் சிறப்பியல்பு முறை உலை எரிபொருள் கணக்குகளில் அருமையானது, நம் பனிக்கு வேண்டியதில்லை.

இனி மொன்டே கார்லோ. 1946இல் கணிதவியலாளர் ஸ்டனிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது சீட்டு விளையாடி, ஒரு ஆட்டம் வெற்றியாக முடியும் நிகழ்தகவு என்ன என்று யோசித்தார். கணக்கால் முடியவில்லை. நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணினால் என்ன என்று தோன்றியது. அதை ஜோன் வொன் நொய்மனிடம் சொன்னார். நியூத்திரன்களுக்கு இது பொருந்தும் என்று இருவரும் கண்டார்கள். அவர்களுடைய சகா மெட்ரோபொலிஸ் பெயர் வைத்தார். 1949இல் மெட்ரோபொலிசும் உலாமும் கட்டுரை வெளியிட்டார்கள்.

நம் ஊரில் இதை விளக்கச் சீட்டுக்கட்டு தேவையில்லை. ஸ்டோருக்கு வந்த கொழுந்து முழுவதையும் யாரும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. கைப்பிடி அளவு எடுத்து, நல்லது எத்தனை, முற்றல் எத்தனை என்று பிரித்து எண்ணி, மொத்தத்துக்குச் சொல்கிறார்கள். எழுமாற்றாக எடுத்திருந்தால் அந்தக் கைப்பிடி பொய் சொல்லாது. எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லலாம்.

போட்டனுக்கும் அதேதான். பனியின் மேல் விளிம்பில் ஒன்றை விடுங்கள். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு எழுமாற்று எண்ணை எடுங்கள். அதன் இயற்கை மடக்கையின் குறியை மாற்றி 25.6 மீற்றரால் பெருக்குங்கள். 0.5 வந்தால் போட்டன் 17.7 மீற்றர் போய் மோதும், 0.05 வந்தால் 76.7 மீற்றர். மோதிய இடத்தில் புதிய திசையை இன்னும் இரண்டு எழுமாற்று எண்கள் தீர்மானிக்கும்: எவ்வளவு கோணம் திரும்பும், எந்தப் பக்கம் திரும்பும். கோணத்துக்கு ஹென்யியும் கிரீன்ஸ்டைனும் 1941இல் விண்வெளித் தூசிக்காக எழுதிய சிதறல் சார்பை எடுத்தால், தலைகீழாக்கிச் சூத்திரமாகவே எழுதிவிடலாம். வெளியே வரும்வரை ஓடவிட்டு, கீழே வந்தால் ஒரு பெட்டியிலும் மேலே போனால் மறு பெட்டியிலும் ஒன்று கூட்டுங்கள். நிரல் ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். இந்த முறைகளிலேயே எழுதுவதற்கு மிகச் சுலபமானது இதுதான், இயற்கை செய்வதோடு ஒட்டிப் போவதும் இதுதான்.

விலை என்ன? விடை பாதிக்கு அருகில் இருந்தால், 10,000 போட்டன் விட்டால் தவறு அரைச் சதவீத அளவில் இருக்கும். அதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க 10 மடங்கு போதாது, 100 மடங்கு, அதாவது 10 இலட்சம் போட்டன் வேண்டும். வர்க்கமூலத்தின் தண்டனை இது. நம் பனியில் ஒரு போட்டன் வெளியேறுமுன் சுமார் பத்திருபது தடவை மோதும். 10 இலட்சம் போட்டனைச் சீயிலோ போர்ட்ரானிலோ எழுதினால் சில நொடிகளில் ஓடி முடியும். பைத்தனில் நேரடியாக வளையம் போட்டு எழுதினால் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

அரிய நிகழ்வுகளில்தான் இது திணறும். மோதாமல் வந்த ஒளியைக் கேட்டால் 10 இலட்சத்தில் 8 போட்டன்தான் பதில் சொல்லும். அதில் தவறு 35 சதவீதம். பனியில் ரயில் விளக்கைப் போட்டதும் ரயிலோட்டுனர் கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளியும் அப்படித்தான். விட்ட போட்டன்களில் அந்தச் சின்னக் கண்ணுக்குள் வருபவை எத்தனை? அதற்கு நிறை கொடுக்கும் உத்திகள் உண்டு. போட்டனை உறிஞ்சப்பட்டது என்று கொல்லாமல் அதன் நிறையைக் குறைத்துக்கொண்டே போகலாம். நிறை மிகக் குறைந்ததும் பத்தில் ஒரு வாய்ப்பில் அதைப் பிழைக்கவிட்டு நிறையைப் பத்து மடங்காக்கலாம், இல்லையென்றால் முடித்துவிடலாம். சராசரி கெடாது. ரஷ்ய ரூலெட் என்று இதைச் சொல்வார்கள். அணுக்கவசச் சுவர்களுக்கு இவை இல்லாமல் ஒன்றும் நடக்காது. மொத்த வெளிச்சம் மட்டும் கேட்கும் ஆய்வுக்கு இவை வேண்டாம்.

மலையகத்தில் இருந்து கணிக்கிறவர்களுக்கு இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் கரண்ட் இல்லாமல் நாம் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் இப்போதும் போகும். மொன்டே கார்லோவில் ஒரு போட்டனுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. இலட்சத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கையைச் சேமித்துவிட்டால், நடுவில் கணினி அணைந்தாலும் அதுவரை ஓடியது வீண் போகாது. நண்பியின் மடிக்கணினியில் வேறு தொடக்க எண்ணைக் கொடுத்து ஓடவிட்டு இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். பழைய மடிக்கணினிகள் நாலு சேர்ந்தால் நாலு மடங்கு வேலை நடக்கும்.

அப்படியானால் மொன்டே கார்லோவே எடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் அவளுடைய கேள்வியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவள் கேட்பது ஒரு கேள்வி இல்லை, மூன்று.

பள்ளத்தாக்கு முழுவதும் பனி சமமாகப் படிந்திருக்கும் நாளில் செடியின் மேல் எவ்வளவு வெளிச்சம்? இதற்கு நான் தனித்திசை முறையைத்தான் எடுப்பேன். சூரியக் கோணத்தை, தடிப்பை, துளியின் அளவை மாற்றி மாற்றி ஆயிரம் தடவை ஓட்ட வேண்டி வரும். ஒவ்வொரு விடையிலும் எழுமாற்று நடுக்கம் இருந்தால், பார்வைத் தூரம் 100இலிருந்து 110 ஆனதால் வந்த மாற்றமா, நடுக்கமா என்று பிரிக்க முடியாது. தனித்திசை விடை வழவழப்பாக மாறும். டெல்டா இரண்டு ஓடையைக் கூடவே வைத்திருக்க வேண்டும், கையால் சரிபார்க்க.

அப்புத்தளையில் வழக்கமாக நடப்பது வேறு. தெற்கிலிருந்து கிளம்பும் பனி மலைமுகட்டைத் தாண்டித் துண்டு துண்டாக வந்து, ஒரு மலையை மூடி அடுத்ததை வெயிலில் விடும். அந்தத் துண்டின் பக்கவாட்டால் வெளிச்சம் ஒழுகும். பக்கத்து வெயில் மலைக்கு நேர் வெயிலோடு இந்தச் சிதறிய வெளிச்சமும் சேர்ந்து, பனியே இல்லாத நாளைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். முகில் விளிம்புகளில் கதிர்வீசல்மானிகள் இதைப் பதிவு செய்கின்றன. அடுக்கு அடுக்காகப் பிரிக்கும் எந்தக் கணக்கிலும் இது வரவே வராது, அங்கே பக்கம் என்பதே இல்லை. முப்பரிமாணத் தனித்திசையில் கதிர் விளைவோடு மல்லுக்கட்டுவதைவிட மொன்டே கார்லோ நல்லது. ஐம்பது வரி நிரலில், போட்டன் நிற்கும் இடத்தில் பனி இருக்கிறதா என்று கேட்கும் வரிகள் மட்டும் கூடும்.

மூன்றாவது, செடிக்குள்ளே நடப்பது. இங்கே பலர் பனிக்கு எடுத்த முறையையே கொண்டுவந்து வைக்கிறார்கள். அது தவறு. பனித்துளி கட்புல ஒளியைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதில்லை. தேயிலை இலை சிவப்பையும் நீலத்தையும் பெரும்பகுதி உறிஞ்சிவிடும், அதற்காகத்தானே அது இருக்கிறது. சிதறல் குறைந்து உறிஞ்சல் மிகுந்தால் ஒளி திசையை மறக்க நேரமே இல்லை. பரவல் அண்ணளவின் காலடி மண் போய்விடும். நல்ல வேளையாக, அதே காரணத்தால் வரவுப் பக்கம் சிறியதாகிவிடுகிறது. மொன்சியும் சயெக்கியும் 1953இல் பயிர் மூடலுக்குப் பாவித்த எளிய அடுக்குக்குறித் தேய்வே கட்புல ஒளிக்குப் பெரும்பாலும் போதும். நிலத்தின் ஒரு சதுர மீற்றருக்கு 5 சதுர மீற்றர் இலை, தேய்வுக் குணகம் 0.6 என்று வைத்தால் அடியில் மிஞ்சுவது 5 சதவீதம். தனித்திசை முறையை எடுத்தாலும் மூன்று நான்கு சுற்றிலேயே விடை நின்றுவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை இலை நிறையச் சிதறும். அதையும் கணக்கில் எடுக்கப்போனால் எளிய தேய்வு போதாது.

போன கிழமை மறுபடியும் பேசினாள்.

“அப்ப முதல்ல எதை எழுத, சேர்?”

“மொன்டே கார்லோவை எழுதும்மா. சமமான பனிக்கு. 11.7க்கு ஒரு தடவை, 0.39க்கு ஒரு தடவை. கீழே வந்ததும் மேலே போனதும் கூட்டினால் விட்ட எண்ணிக்கை அச்சொட்டாக வரவேண்டும். மோதாமல் வந்ததைத் தனியாக எண்ணி அடுக்குக்குறியோடு ஒப்பிடு. அது சரியானால், தனித்திசை விடையை அதோடு பக்கத்தில் வைத்துப் பார்.”

“ரெண்டும் ஒத்து வராட்டி?”

“அடுக்கின் தடிப்பைப் பாதியாக்கு. அப்பவும் வராட்டித் திசையைக் கூட்டு. அப்பவும் வராட்டி எனக்கு எடு.”

ஓகஸ்டுக்குள் சமமான பனியை முடித்துவிட்டுத் துண்டுப் பனிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நிழல் மரங்களை அதற்குப் பிறகுதான் சேர்க்கப் போகிறாள்.